எத்தனை நாள் தாங்க வேண்டும்? குமரி மாவட்டத்துக் கவர் கம்பெனி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் போகும் பக்கம், வயலும் வீடும் கலந்து கிடக்கிற இடத்தில் அந்தத் தொழிற்சாலை இருக்கிறது. ஊரில் அதற்குப் பெயர் ‘கவர் கம்பெனி’. பாலித்தீன் பிலிம் ஊதுவது, அச்சடிப்பது, லேமினேஷன், கவர் வெட்டுவது எல்லாம் ஒரே கூரைக்குள் நடக்கிறது. அப்பா ஆரம்பித்த தொழிலை இப்போது மகள் நடத்துகிறார். நேந்திரம் சிப்ஸ், முந்திரிப் பருப்பு, மிளகாய்த்தூள், பேக்கரி ரஸ்க், ரப்பர் நாற்று என்று மாவட்டத்தின் விளைச்சலிலும் வியாபாரத்திலும் ஒரு பகுதி இங்கே ஊதிய பிலிமுக்குள் அடைபட்டுத்தான் வெளியூர் போகிறது. உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் நிறுவனத்தின் பெயரையும் விற்பனைக் கணக்கையும் இங்கே எழுதவில்லை.

சிறு நிறுவனங்களின் உற்பத்தித் தரம் சார்ந்த வேலையில் இருப்பவன் நான். இந்தக் கம்பெனி தன் வேலைமுறையை மாற்றத் தொடங்கியதிலிருந்து பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன். பிளாஸ்டிக் துறையின் பசுமை முயற்சிகளைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள். பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளுகிற எக்ஸ்ட்ரூடர் எந்திரம் இரண்டை வைத்துக்கொண்டு மாதாமாதம் கரண்ட் பில்லுக்கும் சம்பளத்துக்கும் ஓடுகிற ஒருவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இங்கே கிடைத்த பெரிய பலன் எந்தப் புது எந்திரத்தாலும் வரவில்லை. வாடிக்கையாளரிடம் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டதால் வந்தது: உங்கள் சரக்கு எத்தனை நாள் தாங்க வேண்டும்?

தடையும் விதியும்

தமிழ்நாடு அரசு 2018 ஜூனில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்த கைப்பிடிப் பைகள் அதோடு நின்றன. கேரளமும் 2020 ஜனவரி 1-இல் தடை கொண்டுவர, களியக்காவிளை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கடைகளுக்குப் போன ஆர்டரும் போயிற்று. கம்பெனிக்கு அது பெரிய அடி. பை வெட்டும் எந்திரங்களை விற்றுவிட்டு, உணவுப் பொருள் உறைகளையும் விவசாயத்துக்கான பிலிமையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் பார்த்தவரெல்லாம் சொன்ன யோசனை, மக்கும் பைக்கு மாறிவிடலாம் என்பது. உரிமையாளர் அதை நன்றாகவே விசாரித்தார். ஐ.எஸ். 17088 தரச் சான்றுள்ள மக்கும் பிளாஸ்டிக், தொழில்முறை உரக்கூடத்தில் ஏறத்தாழ 60 டிகிரி சூடு தொடர்ந்து இருந்தால்தான் சொன்ன காலத்துக்குள் மக்கும். வீட்டுத் தோட்டத்துக் குப்பைக் குழியிலோ ஆற்றங்கரையிலோ அந்தச் சூடு கிடையாது. சாதாரணப் பாலித்தீனோடு கலந்து ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய பொருள் வாங்கும் கடைக்கு, போனால் அந்த லோடையும் கெடுக்கும். வேண்டாம் என்று முடிவு செய்தார். அந்தப் பெயரில் நல்ல விலை கிடைத்திருக்கும். தெரிந்தே அதை விட்டது, இந்தக் கம்பெனி எடுத்த முடிவுகளில் நான் மிகவும் மதிக்கிற ஒன்று.

அப்புறம் 2022 பிப்ரவரியில் இ.பி.ஆர். (உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு) விதிகள் வந்தன. சந்தைக்குப் போன உறை குப்பையான பிறகு அதைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு, உறையைச் செய்தவருக்கும் அதில் சரக்கடைத்து விற்ற பிராண்டுக்கும் உண்டு என்பது அதன் சாரம். உறைகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். கெட்டியான டப்பா, பாட்டில் முதல் வகை. வளையும் பிலிம், கவர், சாஷே இரண்டாவது. பிளாஸ்டிக்கோடு அலுமினியத் தகடு, காகிதம் போல வேறு பொருள் சேர்த்து ஒட்டியது மூன்றாவது. மக்கும் பிளாஸ்டிக் நான்காவது. இரண்டாம் வகை உறைகளில் 2025-26 முதல் 10 சதவீதமும் 2027-28 முதல் 20 சதவீதமும் மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக் இருக்க வேண்டும்.

இந்தப் பிரிப்பில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது ஒன்று உண்டு. பாலித்தீன் மட்டுமே உள்ள கவரும், தண்ணீர் பாட்டில் செய்கிற ‘பெட்’ பிளாஸ்டிக்கையும் பாலித்தீனையும் ஒட்டிச் செய்த கவரும் ஒரே இரண்டாம் வகையில்தான் வருகின்றன. ஆக்கர் கடைக்காரரிடம் இரண்டையும் நீட்டிப் பாருங்கள். முதலாவதைக் கிலோவுக்கு விலை சொல்லி எடுத்துக்கொள்வார். இரண்டாவதைத் தொட மாட்டார். விதியில் இல்லாத அந்தக் கோடு அவருக்குத் தெரியும்.

2024-இல் வந்த திருத்தத்தின்படி, குறு, சிறு உற்பத்தியாளர்களின் இ.பி.ஆர். கடமை அவர்களுக்கு மூலப்பொருள் தருபவர்களிடம் போய்விட்டது. ஆக, இந்தக் கம்பெனியின் தலையில் இலக்கு எதுவும் இல்லை. ‘நமக்கு இல்லை’ என்று இருந்திருக்கலாம். மறுசுழற்சி செய்கிறவர்களிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர் செய்கிற முறையிலும் உரிமையாளருக்கு நம்பிக்கை இல்லை. 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தணிக்கையில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டதைத் தொழிலில் இருக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தன் கவர் தன் ஊர் ஆக்கர் கடையில் விலை போகிறதா என்று பார்ப்போம், அதுதான் எனக்குச் சான்றிதழ் என்றார்.

சிப்ஸ் பாக்கெட்

தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று எங்கே போனாலும் தேங்காய் எண்ணெய் கொதிக்கிற சட்டிக்குள் நேந்திரங்காயைச் சீவி விடுகிற கடை ஒன்று கண்ணில் படும். முன்பு இதற்குக் கண்ணாடி மாதிரி தெளிவான பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) கவர்தான். மெழுகுவர்த்தியிலோ கை சீலரிலோ வாயை ஒட்டிக் கொடுப்பார்கள். பெரிய கம்பெனிகளின் பளபளப்பான பாக்கெட் கடைகளுக்கு வந்த பிறகு இவர்களும் அதே மாதிரி கேட்டார்கள். மேலே அச்சடித்த 12 மைக்ரான் பெட், நடுவில் அலுமினியப் பூச்சுள்ள இன்னொரு 12 மைக்ரான் பெட், உள்ளே பாலித்தீன். வெளிச்சத்தையும் ஆக்சிஜனையும் உள்ளே விடாது. மாதக்கணக்கில் சரக்கைக் காப்பாற்றும். தூக்கிப் போட்ட பிறகுதான் சங்கடம். பாலித்தீன் 130 டிகிரிக்குள் உருகிவிடும், பெட் உருக 250 டிகிரி வேண்டும். இரண்டையும் பிரிக்காமல் சேர்த்து உருக்கி, திரும்ப மூலப்பொருளாகும் உருப்படியான பிளாஸ்டிக் குருணை எடுக்க முடியாது. பிரிப்பதற்கு இந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. உள்ளாட்சிகள் திரட்டினால் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாக அனுப்பலாம். திரட்டாதது வாய்க்காலுக்குப் போகும், அல்லது கொல்லையில் எரியும்.

உரிமையாளர் ஒவ்வொரு சிப்ஸ் கடையாகப் போனார். நானும் சில கடைகளுக்குக் கூடப் போனேன். ஒரு கடையில் நடந்த பேச்சு இது.

“அண்ணாச்சி, ஒரு பாக்கெட்டு போட்டா விக்கிறதுக்கு எத்தன நாளாவும்?”

“பத்து நாளு தாண்டாது கேட்டியளா. சனி, ஞாயிறுன்னா ரெண்டு நாளு கூட இருக்காது.”

“அப்போ ஆறு மாசம் தாங்குற கவரு எதுக்கு?”

“நீங்கதானே மக்கா கொண்டு வந்து காட்டுனீங்க!”

அந்தப் பதிலில் இருந்த நியாயம் அவரைப் பிடித்து உலுக்கியது. வேண்டாத காப்பை விற்றது கம்பெனிதான். ஏன் விற்றது? இந்தத் தொழிலில் பிலிமுக்கும் லேமினேட்டுக்கும் விலை கிலோ கணக்கில். கனமாக, அடுக்கு கூட்டிச் செய்தால் எடை ஏறும். எடை ஏறினால் பில் ஏறும். கவரை மெலிசாக்குகிற உற்பத்தியாளர் தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். பிளாஸ்டிக் குறைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. இதைச் சரி செய்யாமல் ஒரு சிறு கம்பெனியிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது. இவர் செய்தது, சிப்ஸ் கடைகளுக்கு விலையை எண்ணிக்கைக்கு மாற்றியது. ஆயிரம் பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் மைக்ரான் குறைவதில் மிச்சமாவது இரண்டு பேருக்கும் பங்காகும். அதற்கு ஒத்துக்கொள்ள வைக்கவே நாளாகிவிட்டது. கிலோ விலையை வைத்துப் பிற கம்பெனிகளோடு ஒப்பிட்டுப் பழகிய கடைக்காரர்களுக்கு, ஏமாற்றுகிறார்களோ என்ற சந்தேகம் முதலில் இருந்தது.

சரி, எந்தக் கவர் போதும்? வறுத்த பண்டத்துக்கு எதிரி இரண்டு: ஈரப்பதம் புகுந்தால் நமர்த்துப்போகும், ஆக்சிஜனும் வெளிச்சமும் பட்டால் எண்ணெய் சிக்கு நாற்றம் அடிக்கும். இங்கே நமக்குச் சாதகமான விஷயம் தேங்காய் எண்ணெய். அதில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைகொழுப்பு. சூரியகாந்தி எண்ணெயைப் போல் ஆக்சிஜன் அதைச் சீக்கிரம் கெடுக்காது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஈரத்தை மட்டும் தடுத்தால் போதும். அந்த வேலையை பாலிப்ரொப்பிலீன் நன்றாகவே செய்யும். அப்பன் காலத்து பி.பி. கவர் தேங்காய் எண்ணெய்ச் சிப்ஸுக்குச் சரியான தேர்வாகத்தான் இருந்திருக்கிறது.

ஆனால் எல்லாக் கடையும் பழைய கவருக்குத் திரும்பவில்லை, திரும்பவும் முடியாது. சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்புகிறவர்களுக்கு அச்சும் கெட்டித்தன்மையும் வேண்டும். அவர்களுக்காக முதலில் முழுக்கப் பாலித்தீனிலேயே இரண்டு அடுக்குக் கவர் முயன்றார்கள். பிலிமைத் தாங்களே ஊதலாம் என்பதால் அந்த ஆசை. சீல் போடும் இடத்தில் அது உதைத்தது. வெளியே பெட் இருந்தால் சூடான சீல் பட்டை அதை ஒன்றும் செய்யாது, உள்ளே உள்ள பாலித்தீன் மட்டும் உருகி ஒட்டும். இரண்டு பக்கமும் பாலித்தீனாகிவிட்டால் வெளிப்பக்கமும் உருகிப் பட்டையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சூட்டைக் குறைத்தால் சீல் பிரிகிறது. வெளி அடுக்கில் சூடு கூடுதலாகத் தாங்கும் எச்.டி. பாலித்தீனைக் கூட்டி, உள் அடுக்கில் எளிதில் ஒட்டும் எல்.எல். பாலித்தீனைக் கூட்டி, பட்டைக்கு டெஃப்லான் துணி சுற்றி, எந்திர வேகத்தைக் குறைத்து என்று என்னென்னவோ செய்தார்கள். நன்றாக வந்த ரோலும் உண்டு. தினமும் ஓட்டுகிற அளவுக்கு நிலைக்கவில்லை.

அடுத்தது இரண்டு அடுக்கும் பாலிப்ரொப்பிலீன். வெளியே அச்சடித்த பி.ஓ.பி.பி. (இழுத்து விறைப்பாக்கிய பி.பி. பிலிம்), உள்ளே சி.பி.பி. (இழுக்காத பி.பி. பிலிம்). உருகும் சூட்டில் இரண்டுக்கும் போதிய இடைவெளி இருப்பதால் சீல் நன்றாக விழுந்தது. சங்கடம் வேறு இடத்தில்: இரண்டு பிலிமையும் வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். தன்னுடைய பிலிம் எந்திரத்துக்கு அந்த வேலையில் பங்கே இல்லை. அதற்கும் உரிமையாளர் ஒத்துக்கொண்டார்.

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஈரக்காற்றில் தாங்குகிறதா என்று பார்க்க ஆய்வகத்துக்கு அலைய வேண்டாம், கடையிலேயே தொங்கவிட்டால் போதும் என்று மழை மாதங்களில் பாக்கெட்டுகளைக் கடைகளில் வைத்தார்கள். நமர்த்துப்போன பாக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் பிலிமில் குறையில்லை. சீல் விழுந்த இடத்தில் சிப்ஸ் தூளும் எண்ணெயும் சிக்கி நூலிழை வழி ஒன்று திறந்திருந்தது. சிப்ஸுக்கும் சீலுக்கும் நடுவில் கொஞ்சம் அதிக இடம் விட்டு நிரப்பச் சொன்னதும் புகார் குறைந்தது. தெளிவான கவருக்கு மாறிய கடைகளில் இன்னொரு பழக்கத்தையும் மாற்ற வேண்டியிருந்தது: வெயில் படும்படி வாசலில் சரம் சரமாகத் தொங்கவிடுவது. உள்ளே தள்ளி மாட்டச் சொன்னார்கள்.

இப்போது நிலைமை இது. சொந்தக் கடையில் விற்பவர்கள் ஒற்றை அடுக்கு பி.பி. கவர். வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் இரட்டை பி.பி. வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறவர்களுக்குப் பழைய மூன்றடுக்குக் கவரேதான், ஏனென்றால் அந்தச் சரக்கு உண்மையிலேயே மாதக்கணக்கில் தாங்க வேண்டும். அதைத் தூக்கிப்போட வைத்து, சிப்ஸ் கெட்டுப்போனால் வாழையும் எண்ணெயும் விறகும் உழைப்பும் சேர்ந்து வீணாகும். உணவை வீணாக்கி மிச்சப்படுத்துகிற பிளாஸ்டிக்கை நான் மிச்சமாகக் கணக்கில் எடுக்க மாட்டேன்.

பால் கவர் நாற்றுக் கவராவது

மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கை எங்கே சேர்ப்பது என்பதில் இவர்களுக்குக் குழப்பம் இல்லை. உணவுப் பொருளைத் தொடுகிற கவரில் சேர்க்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 உறை விதிகள் அதைத் தடுத்தன. பின்னர் தளர்வு வந்தது பெட் பிளாஸ்டிக்குக்கு மட்டும்தான். பாலித்தீனுக்கு இல்லை. குமரி மாவட்டத்தில் அதற்கு வேறு இடம் இருக்கிறது: ரப்பர் நாற்றுக்கான கறுப்புக் கவர். மண்ணை நிரப்பி நாற்று வைக்கும் கவருக்குப் புதுக் குருணை எதற்கு?

ஆக்கர் கடைக்கு வருகிற பிலிமில் நல்ல சரக்கு பால் கவர். ஒரே இனப் பாலித்தீன், எல்லாக் கவரும் ஒரே மாதிரி. கழுவிக் காயவைத்த பால் கவருக்கு மட்டும் கூடுதல் விலை தருவதாகச் சில ஆக்கர் கடைகளோடு பேசினார்கள். சரக்கு மெல்ல வரத் தொடங்கியது. முதலில் படுத்தியது நாற்றமும் தூசியும். உள்ளே ஒரு மண் துகளோ வேறு பிளாஸ்டிக் துணுக்கோ இருந்தால், ஊதிய குமிழ் அந்த இடத்தில் கிழிந்து, எந்திரத்தை நிறுத்தித் திரும்ப ஏற்ற வேண்டும். வடிகட்டி வலையை அடிக்கடி மாற்றுவது, உருக்கும் முன் தண்ணீர்த் தொட்டியில் போட்டு மிதப்பதை மட்டும் எடுப்பது என்று போகப்போக வழிக்கு வந்தது. பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் தண்ணீரைவிட இலேசு, மிதக்கும். பெட் மூழ்கும். விலை குறைப்பதற்காக அளவுக்கு மேல் கால்சியம் பில்லர் (சுண்ணாம்புத் தூள்) கலந்த பாலித்தீனும் மூழ்கிவிடும். அந்தத் தொட்டியில் மூழ்கிக் கிடந்தவற்றைப் பார்த்த பிறகு தன் கவர்களில் பில்லர் கலப்பதை உரிமையாளர் வெகுவாகக் குறைத்தார். விலை கொஞ்சம் ஏறியது, சில ஆர்டர் கைவிட்டுப் போனது.

பால் கவரின் மூலையைத் தனியாக வெட்டி எறியாமல், தொங்கவிட்டபடி வெட்டினால் அந்தத் துண்டும் கவரோடு திரும்பி வரும். தன் தொழிலாளர்களின் வீடுகளிலும் பக்கத்து டீக்கடைகளிலும் இதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பிலிம் ஊதும்போது விழுகிற ஓரத்துண்டையும் ஆரம்பக் கழிவையும் திரும்ப உருக்கிப் பயன்படுத்துவது எல்லாக் கம்பெனியும் காலகாலமாகச் செய்வது. அதையும் மறுசுழற்சி என்று காட்டினால் சதவீதம் அழகாக ஏறும். இவர்கள் அதைத் தனிக் கணக்காக வைத்திருக்கிறார்கள். வெளியே போய்க் குப்பையாகித் திரும்பி வந்ததை மட்டும் மறுசுழற்சிக் கணக்கில் எழுதுகிறார்கள்.

சிந்திய குருணை

2025 மே 25-இல் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதில் இருந்த பிளாஸ்டிக் குருணை மூட்டைகள் திருவனந்தபுரம் கடற்கரைகளிலும், அடுத்து குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலும் ஒதுங்கின. மீனவ ஊர்களில் மணலோடு மணலாகக் கலந்து கிடந்த வெள்ளைக் குருணையைச் சலித்து எடுக்க வேண்டியிருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்த கம்பெனித் தொழிலாளி ஒருவருக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினமும் காலையில் எந்திரத்தின் ஹாப்பரில் (மேல்வாய்த் தொட்டியில்) கொட்டுகிற அதே சரக்கு.

அதன் பிறகு தங்கள் கொட்டகைத் தரையைப் பார்த்தார்கள். மூட்டையைக் கத்தியால் கிழிக்கும் இடத்திலும் லாரியிலிருந்து இறக்கும் இடத்திலும் குருணை சிந்திக் கிடக்கும். பெருக்கித் தள்ளினாலோ மழை பெய்தாலோ வாசல் ஓடைக்குப் போகும். அங்கிருந்து பழையாறு, பழையாற்றிலிருந்து மணக்குடிக் கழிமுகம், கடல். வழியில் இருப்பது 2022-இல் ராம்சர் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள்) பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் ஈரநிலங்கள். ஒரு 25 கிலோ மூட்டையில் குருணை ஏறத்தாழ 10 லட்சம் இருக்கும். ஒரு கைப்பிடி சிந்தினாலும் ஆயிரக்கணக்கில் போகும். மீனும் பறவையும் அதை முட்டையென்றும் இரையென்றும் விழுங்கும்.

செய்தது மிகச் சாதாரணமான வேலைகள். மூட்டை கிழிக்கும் இடத்தில் விளிம்பு உயர்ந்த தகரத் தட்டு. ஓடை தொடங்கும் வாயில் நுண்ணிய எஃகு வலை. பெருக்குவதற்குப் பதில் வேக்குவம் கிளீனர். லாரி இறக்கிய உடனே தரையைச் சுத்தம் செய்த பிறகுதான் ரசீதில் கையெழுத்து. மொத்தச் செலவு ஒரு அச்சு சிலிண்டர் செட் செய்யும் காசுகூட வராது. எல்லாத் தொழிற்சாலையும் நாளையே செய்யலாம், செய்ய வேண்டும். மாவட்ட அளவில் பிளாஸ்டிக் உற்பத்தியாளர்கள் கூடினால் முதலில் பேச வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

மற்றபடி, எக்ஸ்ட்ரூடர் பீப்பாய்க்கு வெப்பக் காப்பு உறை போட்டிருக்கிறார்கள், பழைய மோட்டார்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்திருக்கிறார்கள், கூரையில் சோலார் இருக்கிறது. டொலுயீன் என்ற கரைப்பான் இல்லாத மைக்கு மாறியதில் அச்சுக்கூடத்தில் தலைவலி என்று சொல்வது குறைந்திருக்கிறது. கவர் முழுக்க மை பூசாமல், தெளிவான பகுதியை அதிகம் விட்டு வடிவமைக்கச் சொல்கிறார்கள். அச்சில்லாத பிலிமுக்கு ஆக்கர் கடையில் விலை கூட.

முடியாமல் நிற்பவை

சாஷே அப்படியே இருக்கிறது. ஷாம்பு அளவுக்குச் சிறிய ஊறுகாய்ப் பாக்கெட்டை எந்தப் பொருளில் செய்தாலும் யாரும் குனிந்து பொறுக்க மாட்டார்கள். புதிய சாஷே ஆர்டர் எடுப்பதில்லை என்று முடிவு செய்தாலும் பழைய வாடிக்கையாளர் சிலருக்கு இன்னும் அடித்துக் கொடுக்கிறார்கள்.

நாற்றுக் கவரிலும் ஒரு கேள்வி பாக்கி. கன்றை நட்ட பிறகு அந்தக் கவரைக் கிழித்துத் தோட்டத்திலேயே போட்டுவிடுகிறார்கள். திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய ரூட் டிரெய்னர் கப்பில் ரப்பர் நாற்று வளர்க்கும் முறை இருக்கிறது. அதற்கு நாற்றுப் பண்ணைகள் மாறினால் கம்பெனியின் மறுசுழற்சிப் பிலிமுக்குச் சந்தை போய்விடும். “மாறட்டும், அதுதானே நல்லது” என்று உரிமையாளர் சொன்னார். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

பெரிய சிக்கல் ரப்பர் மரத்தின் மழைக்காப்பு. மழைக்காலத்தில் பால் வெட்டு நிற்காமல் இருக்க, வெட்டுப் பட்டைக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி பிலிமைக் கட்டி, தார் கலந்த பசையால் ஒட்டுவார்கள். பருவம் முடிந்து கழற்றும்போது பாதி பிலிமில் தாரும் ஒட்டுப்பாலும் (உறைந்த ரப்பர் பால்) ஒட்டியிருக்கும். ஆக்கர் கடையும் எடுக்காது, இவர்களாலும் உருக்க முடியாது. பெரும்பாலும் தோட்டத்திலேயே எரிகிறது. மழைக்காப்பு பிலிம் விற்கிற கம்பெனி என்பதால் இதில் தனக்குப் பொறுப்பு உண்டு என்று சொல்லி, உரிமையாளர் சில தோட்டங்களோடு பேசி வருகிறார். தார் ஒட்டிய மேல் விளிம்பை வெட்டி எறிந்துவிட்டு, சுத்தமான கீழ்ப்பகுதியை மட்டும் கட்டாகச் சேர்த்து வைத்தால் விலை கொடுத்து எடுத்துக்கொள்ளத் தயார். வெட்டிச் சேர்க்கிற வேலை பால்வெட்டுத் தொழிலாளர்களின் தலையில் விழும். கிலோவுக்கு இவர் தரும் விலையில் அந்தக் கூலி கட்டவில்லை. தோட்டக்காரர் ஒரு பங்கு போட வேண்டும், இல்லையென்றால் பிலிமை விற்கும்போதே ஒரு தொகையை ஏற்றி, திரும்பக் கொடுக்கும்போது தர வேண்டும். இரண்டாவது வழியைத் தோட்டக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வழியைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை.